இருமடங்கு லட்டு

ஏற்காட்டில் லாட்ஜ் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தங்க இடம் தேடி ஒண்டிக்கடை என்கிற பஜார் பகுதியில் அலைந்துகொண்டிருந்தேன். லட்டுக் கடை மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்று டீக்கடைக்காரர் கை காட்டினார். போய்ப் பார்த்தால் கல்லாவில் ஆள் இல்லை. உள்ளே, கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒரு அம்மாள், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தின் முன்னால் கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தோடு நின்றுகொண்டிருந்தார். வாடகை பற்றி நான் வாயெடுப்பதற்குள், "கண்ணு, நல்ல நேரத்துல வந்தே. அந்தத் தட்டை ஆடாமப் புடி" என்றார்.

பிடித்தேன். புது ஊர், புது ஆள், சொன்னதைச் செய்துவிடுவது நல்லது என்று தோன்றியது. பாத்திரம் அந்தத் தட்டுக்குள்தான் இருந்தது. அவர் ஆரஞ்சைத் தண்ணீரில் விட்டு, மிதந்ததை ஒரு கோணி ஊசியால் மெல்ல அழுத்தி மூழ்கடித்தார். வழிந்த தண்ணீர் தட்டில் விழுந்தது. அதை அளவுக் கோப்பையில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நூத்தம்பது மில்லி" என்றார். செல்போனை எடுத்துக் கால்குலேட்டரைத் திறந்து, போனைக் குறுக்குவாட்டில் படுக்க வைத்தார். படுக்க வைத்தால் கனமூலம் பொத்தான் வரும் என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். தட்டினார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நடுவுலருந்து ஓரத்துக்கு இவ்வளவுதான். மூணேகால் சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட."

பிறகு பழத்தை இரண்டாக அறுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பாதியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆமா, நீ யாரு?" என்று கேட்டார்.

அந்த மாடி அறைக்கே குடிபோனேன், ஊரோடு சேர்ந்து நானும் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அக்காவை நான் நினைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு விரல்கள்தான் முதலில் வருகின்றன. அந்த விரல்களுக்கு நடுவில் அவர் உலகத்தில் இருக்கிற அத்தனை உருண்டைகளையும் அடக்கப் பார்த்தார். எலுமிச்சை, கொய்யா, களி உருண்டை, பிள்ளைகள் தொலைத்துவிட்டுப் போன ரப்பர் பந்து என்று எது அகப்பட்டாலும் தண்ணீருக்குள் ஒரு முங்கு போட்டுத்தான் மேலே வரவேண்டும்.

இதில் கொஞ்சம் தொழிலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா பூந்தியைக் கோப்பையில் அளந்துதான் லட்டு பிடிப்பார். ஒரு லட்டுக்கு எவ்வளவு சரக்கு என்று அவருக்குத் தெரியும். ஆனால் சேலத்தில் அட்டை டப்பா செய்கிறவர் சரக்கைக் கேட்கமாட்டார், லட்டு வைக்கிற ஒவ்வொரு தடுப்பறையும் எத்தனை அகலம் என்றுதான் கேட்பார். பிடிப்பதற்கு முன்பே லட்டின் அகலத்தைச் சொல்ல வேண்டும். சேலத்துக் காலேஜில் கணக்கு படித்துவிட்டு லட்டுக் கடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அதை எப்படி விடுவார்? கணவர் இறந்த பிறகு கடை முழுக்க அவர் கைக்கு வந்தது. கடையோடு இந்தக் கணக்கும் வந்தது.

"உருண்டைக்குள்ள எவ்வளவு இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும் கண்ணு. அதை மூணால பெருக்கு. நாலு பையால வகு, வட்டக் கணக்குல வருமல்ல, அந்தப் பை. வர்றதுக்குக் கனமூலம் எடு. ஆரம் வந்துரும்."

"கனமூலம்னா என்னங்க்கா?"

"மூணு தடவை எழுதிப் பெருக்கினா இந்த எண்ணு வரோணும். அது எந்த எண்ணுன்னு பின்னாலயே போய்த் தேடறது."

எனக்கும் கணக்குக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். ஆனால் பின்னாலேயே போய்த் தேடுவது என்று சொன்னாரே, அது அவருக்கு அப்படியே பொருந்தியது. ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததில்லை. கடையில் ஒரு ஸ்டூல் உண்டு, அதில் வாடிக்கையாளர்களின் பைகள்தான் உட்காரும். பேசிக்கொண்டே டப்பாக்களை வரிசை மாற்றுவார், மாற்றியதைத் திரும்ப மாற்றுவார், துடைத்த கண்ணாடியைத் துடைப்பார், நூல்கண்டில் சிக்கு இல்லாதபோதும் சிக்கு எடுப்பார். காலையில் ஏரியைச் சுற்றி நடக்கப் போனால் கூடப் போகிறவர் ஓட வேண்டும். டியூட்டி முடிந்து அலுப்போடு வந்து அவர் எதிரில் நின்றால், பார்க்கிற எனக்கு இன்னும் கொஞ்சம் அலுப்பு ஏறும்.

ஒரு பங்குனி மாதக் கடைசியில் ஆலங்கட்டி மழை பெய்தது. மறுநாள் காலை தலைச்சோலை கிராமத்திலிருந்து ஒரு விவசாயி ஜீப்பில் வந்து கடை வாசலில் இறங்கினார். அக்காவுக்கு மிளகும் ஆரஞ்சும் கொண்டுவந்து போடுகிறவர். அன்றைக்கு அவர் கையில் துண்டால் வாய் கட்டிய ஒரு சொம்பு மட்டும் இருந்தது.

"அக்கா, எலுமிச்சம்பழ சைஸுங்க. காப்பிப் பூவு பூராம் உதுந்து போச்சு. சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். இருக்கறதுல பெருசா ஒண்ணைப் பொறுக்கிச் சொம்புல போட்டு வெச்சேன். நீங்க பார்த்துச் சொன்னா நம்புவாங்கல்ல" என்று துண்டை அவிழ்த்தார்.

சொம்புக்குள் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ராத்திரி முழுக்க அது கல்லாகவே இருக்கும் என்று அந்த மனிதர் எப்படி நம்பினாரோ! அக்கா சிரிக்கவில்லை. தண்ணீரைக் கோப்பையில் ஊற்றினார். ஈரத் துண்டையும் வாங்கி அதே கோப்பையில் பிழிந்தார். ஐஸ் உருகினால் கொஞ்சம் சுருங்கும் என்று அதற்கு ஒரு துளி கூட்டிக்கொண்டார். போனைப் படுக்க வைத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"எலுமிச்சை இல்லீங்க. பெருநெல்லி. நடுவுலருந்து ஓரத்துக்கு இவ்வளவுதான்" என்று விரல்களைக் காட்டினார்.

"வளைவுல ஜீப்பு குலுங்குச்சுங்க. சிந்தியிருக்கும்."

"சிந்துனது துண்டுலதானுங்க இருக்கும். அதான் புழிஞ்சாச்சே. பயந்த கண்ணுக்கு எல்லாம் பெருசாத் தெரியுமுங்க. நீங்க மனசை விட்றாதீங்க."

"என்ற தலையில உழுந்திருந்தா நெல்லியா எலுமிச்சையான்னு பார்த்துட்டா இருப்பேன்?" என்று முனகிக்கொண்டே அவர் சொம்பை எடுத்தார். அதற்குள் ஒரு லட்டைப் போட்டு அனுப்பினார் அக்கா. அவர் ஜீப்பில் ஏறும்போது முகம் கொஞ்சம் தெளிந்துதான் இருந்தது. கல் சின்னதாகிவிட்டதல்லவா. பூ உதிர்ந்தது மட்டும் அப்படியே இருந்தது, அதைப் பற்றி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒரு சண்டையும் நடந்தது. நான் வேலை பார்த்த லாட்ஜின் முதலாளி தன் மூத்த பெண் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட லட்டு சொன்னார். வழக்கமான லட்டு வேண்டாம், இரண்டு மடங்கு லட்டு வேண்டும், பையைத் திறந்தவுடனே சம்பந்தி வீட்டார் வாய் பிளக்க வேண்டும் என்றார். அக்கா ஒவ்வொரு லட்டுக்கும் இரண்டு லட்டுச் சரக்கைச் சரியாக அளந்து போட்டுப் பிடித்தார். நானும் பக்கத்தில் நின்று முந்திரி பதித்தேன்.

முதலாளி வந்து பார்த்தார். பழைய லட்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க, ரெண்டு மடங்கு சொன்னேனே. இது என்னமோ கொஞ்சம் ஊதுன மாதிரி இருக்குது!"

"ரெண்டு மடங்கேதானுங்க."

"ரெண்டு அங்குலம் இருந்தது நாலு அங்குலம் ஆகோணுமல்ல? ரெண்டரைதான இருக்குது."

"நாலு அங்குலம் வரோணும்னா எட்டு லட்டுச் சரக்கு போடோணுமுங்க. தேங்காயாட்டம் இருக்கும். கல்யாணத்துக்கு வர்றவங்க கத்தியும் கொண்டுக்கிட்டுத்தான் வரோணும்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்து, பெரிய லட்டு ஒன்றை எடுத்து அவர் கண் முன்னால் உதிர்த்தார். உதிர்ந்ததைக் கோப்பையில் அளந்து இரண்டு சின்ன லட்டுகளாகப் பிடித்து வைத்தார். முதலாளி அந்த இரண்டையும் பார்த்தார், தட்டில் மிச்சமிருந்த பெரிய லட்டையும் பார்த்தார். "கணக்கு சரியாத்தானுங்க இருக்கும். பார்க்கறதுக்குப் பெருசாத் தெரியலயே. கண்ணுக்குத் தெரியாத ரெண்டு மடங்கை வெச்சு நான் என்னங்க பண்றது?" என்றார். அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். கல்யாணத்தில் ஒருவரும் வாய் பிளக்கவில்லை. ஒரு லட்டில் வயிறு நிறைந்துவிட்டது என்று மட்டும் சிலர் ஆச்சரியப்பட்டார்கள்.

அந்தச் சண்டைக்குப் பிறகு பல நாள் அக்கா அதையே பேசினார். டப்பா ஒட்டும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், "உள்ள ரெண்டு மடங்கு ஆனாலும் வெளிய கால் பங்குதான் கண்ணு கூடும். மனுசனுக்கு வெளிய இருக்கறதுதான தெரியுது" என்பார். சொல்லும்போது கை மப்ளருக்குப் போகும். குளிருக்கு இறுக்கிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஏற்காட்டில் மப்ளர் சுற்றிய கழுத்தைப் பார்த்து யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம். ஊர் முழுக்க வண்டிகள் நகராமல் நின்றன. கடையில் அடுப்புச் சூடு, வெளியே ஆட்களின் சூடு. பூந்தி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா வேர்வை தாங்காமல் மப்ளரைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அவர் விழுங்கும்போது கழுத்தின் வலது பக்கம் ஒன்று மேலே ஏறி இறங்கியது.

"என்னங்க்கா இது?"

"அது ஒண்ணுமில்ல. ஆரம் ஒரு சென்டிமீட்டர் கூட முழுசா இல்ல" என்று விரல்களைக் காட்டினார்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைக் கீழே போட்டேன். அப்புறம்தான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முந்தின வருடமே சேலத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறார். தைராய்டில் கட்டி, நாலு சிசி, அதாவது நாலு மில்லி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். இவர் நாலு சிசியை வைத்து ஆரம் கண்டுபிடித்து, இவ்வளவுதானா என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். எத்தனை பேருடைய எலுமிச்சையை நெல்லியாக்கி அனுப்பியவர், தன்னுடையதை மட்டும் விட்டு வைப்பாரா!

கூட்டம் குறைந்த வாரம் இழுத்துக்கொண்டு போனேன். அதே டாக்டர். ஸ்கேன் பார்த்தார், ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் மறுபடி போனோம். "ஊசியில் எடுத்ததை வைத்து நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லைம்மா. ஆனால் போன தடவை நாலு சிசி இருந்தது, இப்போது எட்டு. இருமடங்கு ஆகியிருக்கிறது. எடுத்துவிடுவதுதான் நல்லது" என்றார். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, சிலருக்குக் குரல் கொஞ்சம் மாறலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மலை ஏறும் பஸ்ஸில் அக்காவுக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்த கையோடு எழுந்து ஒரு பிள்ளைக்காரிக்குக் கொடுத்துவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைப் படுக்க வைத்துத் தட்டினார். போன் நழுவியது, பிடித்தார், மறுபடி தட்டினார்.

"ரெண்டரை மில்லிமீட்டர் கண்ணு!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். "ஒரு வருசத்துல ரெண்டரை மில்லிமீட்டர்தான் நவுந்திருக்குது. அதுக்குப் போய் கழுத்தை அறுக்கறதா?"

"டாக்டர் ரெண்டு மடங்குன்னு சொன்னாருங்க்கா."

"அது கொள்ளளவு. நான் ஆரத்தைச் சொல்றேன்."

"எதைச் சொன்னாலும் கட்டி ஒண்ணுதானுங்களே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒண்டிக்கடையில் இறங்கியதும் சொன்னார். "குரல் போயிருச்சுன்னா என்ன பண்றது கண்ணு? லட்டு வாங்க வர்றவங்ககிட்டச் சைகையிலயா சண்டை போடறது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் அவருக்குத் துணை அந்தக் குரல் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். மாடியில் படுத்திருக்கும்போது, கீழே ஆளே இல்லாத கடையில் அவர் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன். நான் பயந்தேன். பயந்ததால் எரிந்து எரிந்து விழுந்தேன்.

மழை ஓயட்டும் என்றார். மழை ஓய்ந்தது. தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றார். முடிந்தது. காப்பிப் பழம் எடுக்கிற சீசன், எஸ்டேட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் லட்டு கேட்பார்கள், அது போகட்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு விரல்கள் நீளும். ரெண்டரை மில்லிமீட்டர். நான் விரல்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

ஆனால் கை பொய் சொல்லவில்லை. அந்த மாதங்களில் அக்காவின் லட்டு கெட்டது. ருசி அப்படியேதான் இருந்தது, அளவுதான் தடுமாறியது. கோப்பையில் அளந்துவிட்டு, அளந்தோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு பிடி போடுவார். போட்டதை எடுப்பார். ஒரு டப்பாவில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, மூடி மூடவில்லை. டப்பாவுக்குள் லட்டு உருளுகிறது என்று ஒரு சுற்றுலாக்காரர் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டார். முன்பானால் அந்த ஆளை ஏரிக்கரை வரை துரத்திக்கொண்டு போய் வாதம் பண்ணியிருப்பார். இப்போது பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். ஏரி நடையும் நின்றுபோனது. கடைக்குள்ளேயே நடந்தார், அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவில், வேலை எதுவும் இல்லாமல்.

அப்போதுதான் எங்கள் முதலாளி மறுபடி வந்தார். சின்னப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். நானும் அன்று கடையில்தான் நின்றிருந்தேன்.

"அக்கா, இந்தத் தடவையும் பெரிய லட்டுதானுங்க. ஆனா போன தடவையாட்டம் ஏமாத்திப்போடாதீங்க" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு அல்ல.

அக்காவின் முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் ரத்தம் ஏறியது. "யாருங்க ஏமாத்துனது? ரெண்டு லட்டுச் சரக்கை உதிர்த்துக் காட்டுனேனா இல்லையா?"

"காட்டுனீங்க. ஆனா பார்த்தா அதே அளவுதானுங்களே இருந்துச்சு. சும்மா ஒரு நூலு கூட."

"பார்த்தா அப்படித்தானுங்க இருக்கும்!" அக்கா குரலை உயர்த்தினார். ஒரு லட்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "வெளிய ஒரு நூலுதானுங்க கூடும். அதைப் பார்த்து ஏமாந்துறக் கூடாது. உள்ள பாருங்க. உள்ள ரெண்டு மடங்கு உக்காந்துக்கிட்டு இருக்குது! வெளிய தெரியலைங்கறதுக்காக இல்லைன்னு ஆயிருமா? நொம்பப் படிச்சவங்களாட்டம் பேசறீங்க, இது தெரிய வேண்டாமா? உள்ள இருக்கறதை உட்டுப்போட்டு ஓரத்தை மட்டும் அளந்தா..."

அங்கே நின்றுவிட்டார்.

லட்டு கையிலேயே இருந்தது. மற்ற கை தானாக எழுந்து மப்ளரைத் தொட்டது. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். முதலாளிக்குக் கட்டி பற்றி ஒன்றும் தெரியாது. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து, "சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க சொன்னேன். நீங்க எப்படிப் போட்டாலும் சரி" என்றார்.

அக்கா லட்டைத் தட்டில் வைத்தார். ஸ்டூலில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்தார். கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நிச்சயதார்த்தத்துக்கு வேற கடையில சொல்லிக்குங்க. எனக்குச் சேலத்துல வேலை இருக்குது" என்றார் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணு, நாளைக்கு மொதல் பஸ்ஸுல போகலாமா?" என்று கேட்டார். சரிங்க்கா என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பை அணைத்தேன்.

எடுத்த கட்டியில் கெட்டது இருந்தது, ஆனால் உள்ளேயே அடங்கியிருந்தது, வெளியே பரவவில்லை என்று பிறகு சொன்னார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் எப்படியோ என்றும் சொன்னார்கள். அதற்கப்புறம் கொஞ்ச காலம் அக்கா கடையை நடத்தினார். நான் வேலை மாறி ஏற்காட்டை விட்டு இறங்கினேன், அவரும் கடையைக் கொடுத்துவிட்டுச் சேலத்தில் தங்கை வீட்டோடு போனார் என்று கேள்விப்பட்டேன். வருடங்கள் ஆகிவிட்டன. இதெல்லாம் பின்னால் நடந்தது. எனக்கு எப்போதும் கண் முன்னால் நிற்பது ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலைதான்.

கழுத்தில் மப்ளர் இருந்த இடத்தில் கட்டு. பேசக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேச முடிகிறதா என்பதே இன்னும் யாருக்கும் தெரியாது. அக்கா கண்ணைத் திறந்ததும் கால் விரல்கள் போர்வைக்குள் ஆடத் தொடங்கின. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கை எழுந்தது. எவ்வளவு என்று கேட்கப் போகிறார், இரண்டு விரல்களை விரிக்கப் போகிறார் என்று நான் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். பத்து சிசி. போனைப் படுக்க வைத்தேன்.

அக்கா விரல்களை விரிக்கவில்லை. உள்ளங்கையைக் குழித்து, பூந்தி வாங்குகிற மாதிரி என் முன்னால் நீட்டினார். ஓரத்தை அல்ல, உள்ளே இருந்ததைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நான் தட்டத் தொடங்கியிருந்த போனை மற்ற கையால் மூடிவிட்டு, குழித்த கையை மறுபடி நீட்டினார்.

"பத்து சிசிங்க்கா" என்றேன்.

அவர் அந்த வெறும் உள்ளங்கையைப் பார்த்தார். பத்து சிசி எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோப்பையில் எத்தனை தடவை பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, லட்டு பிடித்து முடித்த கையைப் போல அதைப் போர்வையில் துடைத்தார். உதடு அசைந்தது. பேசாதீங்க என்று நான் சொல்வதற்குள், கரகரவென்று, உடைந்து, ஆனாலும் சந்தேகமே இல்லாமல் அக்காவின் குரல் வந்தது.

"பூராம் வந்துருச்சா கண்ணு?"

நர்ஸ் திட்டிக்கொண்டே ஓடிவந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பூராம் வந்துருச்சுங்க்கா" என்றேன்.